யூத மாணவர்களுக்குள்ள அரசியல் கருத்து மோதல்: கேம்பஸ்ல கூட்டம் நடத்துறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுல படிக்கிற நம்ம பிள்ளைங்க நிறைய பேர் இப்போ ஸ்டூடண்ட் கவர்ன்மெண்ட், இன்டர்ஃபெய்த் கவுன்சில், கிராஜுவேட் அசோசியேஷன்னு எதுலயாவது பொறுப்புல இருக்காங்க, அப்படி இருந்தா ஒரு நாள் இல்ல ஒரு நாள் அந்த மெயில் வந்துடும்: இஸ்ரேல் பாலஸ்தீனம் பத்தி ஒரு கூட்டம், உங்க அமைப்பும் கோ-ஸ்பான்சரா இருக்க முடியுமா, ரூம் புக் பண்ணித் தர முடியுமா. அப்போ நாம என்ன நினைச்சுக்கிறோம்னா, யூத மாணவர்கள் ஒரு பக்கம், பாலஸ்தீன ஆதரவு மாணவர்கள் எதிர்ப்பக்கம், நாம நடுவுல நின்னு பாத்துக்கணும்னு. நிலைமை அப்படி இல்ல. யூத மாணவர்களுக்குள்ளயே இந்த விஷயத்துல பெரிய பிளவு இருக்கு, அது வெளிய நடக்கிற சண்டையை விட ஆழமா வலிக்கிற சண்டை, ஏன்னா சண்டை போடுறவங்க வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரே மேஜையில உக்காந்து சாப்பிடுறவங்க.

பியூ ஆய்வு மையம் 2020-ல அமெரிக்க யூதர்கள்கிட்ட எடுத்த கணக்கெடுப்புல, 65 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல 67 சதவீதம் பேர் இஸ்ரேலோட தங்களுக்கு மனசளவுல பற்று இருக்குன்னு சொன்னாங்க, 30 வயசுக்குக் கீழ உள்ளவங்கள்ல அது 48 சதவீதம். இது 2023 அக்டோபர் 7-ல ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கினதுக்கும் காசா போருக்கும் முன்னாடியே எடுத்த கணக்கு. அதாவது நன்கொடை குடுக்கிற தலைமுறை ஒரு இடத்துல இருக்கு, கேம்பஸ்ல இருக்கிற பிள்ளைங்க கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி பிரிஞ்சு இருக்காங்க. நீங்க ரூம் புக் பண்ணப் போற கூட்டம் இந்த இடைவெளிக்கு நடுவுலதான் நடக்கப் போகுது, அதனால கொஞ்சம் தயாராகிட்டுப் போங்க.

யார் யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க

"யூத மாணவர் சங்கம்"னு ஒண்ணே ஒண்ணு கிடையாது. பெரும்பாலான கேம்பஸ்ல பெரிய அமைப்பு ஹிலெல், 1923-ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஒரு இளம் ரபி, அதாவது யூத மதகுரு, ஆரம்பிச்சது, அடுத்த வருஷமே ப்னாய் ப்ரித்ங்கிற யூத அமைப்பு அதைத் தாங்கிப் பிடிச்சு நாடு முழுக்கக் கொண்டு போச்சு. பக்கத்துலயே ஹபாட்ங்கிற மரபுவழி யூத இயக்கத்தோட வீடு ஒண்ணு இருக்கும், ஒரு ரபியும் அவர் மனைவியும் குடும்பமா தங்கி நடத்துறது. இது போக ரெண்டு நாடு தீர்வு வேணும், ஆக்கிரமிப்பு முடியணும், ஆனா இஸ்ரேல் இருக்கணும்னு சொல்ற ஜே ஸ்ட்ரீட் யூ. இஸ்ரேலுக்கு முழு ஆதரவா நிக்கிற மாணவர் குழுக்கள். இன்னொரு ஓரத்துல ஜூயிஷ் வாய்ஸ் ஃபார் பீஸ், அவங்க 2015-ல இஸ்ரேல் புறக்கணிப்பு இயக்கத்தை ஆதரிச்சாங்க, 2019-ல சியோனிசத்தையே, அதாவது யூதர்களுக்குன்னு ஒரு நாடு வேணும்ங்கிற கொள்கையையே, எதிர்க்கிறோம்னு வெளிப்படையா அறிவிச்சாங்க. இதுல எதுலயும் சேராம பாஸ்கா பண்டிகைக்கு மட்டும் வந்து சாப்பிட்டுட்டுப் போற பிள்ளைங்களும் நிறைய.

உங்ககிட்ட மெயில் அனுப்பினது இதுல யாருன்னு பாருங்க. அவங்களை மத்த யூத அமைப்புகள் எப்படிப் பாக்குறாங்கன்னும் விசாரிங்க. ஒருத்தர் கேட்டாங்கன்னு "யூத சமூகம் கூட இருக்கு"ன்னு போஸ்டர் அடிச்சிடாதீங்க, அந்த ஒரு வரியாலயே கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சண்டை வந்துடும்.

யார் கட்டிடம், யார் பேரு, யார் பணம்

இந்த மூணையும் கேக்காம எதுக்கும் சரின்னு சொல்லாதீங்க. ஹிலெல் இன்டர்நேஷனல் 2010-ல ஒரு விதி வச்சாங்க, கூட்டாளிகளுக்கான தர விதிகள்னு. யூத, ஜனநாயக நாடா இஸ்ரேல் இருக்கிற உரிமையை மறுக்கிறவங்க, இஸ்ரேலை அரக்கத்தனமா சித்தரிக்கிறவங்க, அதுக்கு மட்டும் தனி அளவுகோல் வைக்கிறவங்க, புறக்கணிப்பை ஆதரிக்கிறவங்க, கூட்டங்களைக் குலைக்கிறதையே வழக்கமா வச்சிருக்கிறவங்க, இவங்களோட சேர்ந்து நடத்த மாட்டோம், இடம் குடுக்க மாட்டோம்னு. ஹிலெல் தனியார் அமைப்பு, அவங்க யாரோட சேரணும்னு அவங்க முடிவு பண்றதுக்கு முழு உரிமை இருக்கு, இதை முதல்ல ஒத்துக்கிட்டுதான் மேல பேசணும். வகுப்புல, ஹாஸ்டல்ல, நடைபாதையில நாள் முழுக்க இஸ்ரேலுக்காகப் பதில் சொல்லிக் களைச்சுப்போன பிள்ளைக்கு, அந்த ஒரு கட்டிடத்துக்குள்ளயாவது பதில் சொல்லாம மூச்சு விடணும்னு இருக்கும்ல, அந்தத் தேவை உண்மையானது, அதைக் கேலி பண்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

ஆனா இந்த விதி நடைமுறையில எங்க போய் முட்டுதுன்னு பாருங்க. 2012-ல ஹார்வர்டுல முற்போக்கு யூத மாணவர்கள் பாலஸ்தீன ஆதரவுக் குழுவோட சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தப் போனாங்க, ஹிலெல் இடம் குடுக்கல, அங்கதான் ஓபன் ஹிலெல் இயக்கம் பிறந்துச்சு. அடுத்த வருஷம் அதே ஹார்வர்டுல அவ்ரஹாம் பர்க் பேச வந்தார். இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கே சபாநாயகரா இருந்தவர், யூத ஏஜென்சிக்குத் தலைவரா இருந்தவர், அவர் பேச்சையே ஹிலெல் கட்டிடத்துக்குள்ள நடத்த விடல, காரணம் பாலஸ்தீன ஆதரவுக் குழு கோ-ஸ்பான்சர். கூட்டம் மாணவர் விடுதியில நடந்துச்சு. 2017-ல ஒஹாயோ ஸ்டேட்ல ப்னாய் கேஷட்ங்கிற பால்புதுமை யூத மாணவர் குழு, பூரிம் பண்டிகைக்கு, அகதிகளா வந்த எல்ஜிபிடி மக்களுக்கு நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி வச்சாங்க, இஸ்ரேல் பத்தின நிகழ்ச்சியே இல்ல அது, ஆனா கோ-ஸ்பான்சர் பட்டியல்ல பல அமைப்புகளோட ஜூயிஷ் வாய்ஸ் ஃபார் பீஸும் இருந்துச்சு, அதுக்காக ஹிலெல் அந்தக் குழுவோட உறவை முறிச்சுக்கிச்சு.

மூணு சம்பவத்துலயும் என்ன பேசப் போறாங்கன்னு பாத்துத் தடுக்கல, பக்கத்துல யார் பேரு இருக்குன்னு பாத்துதான் தடுத்தாங்க. நான் பாத்த வரைக்கும் யூத மாணவர்களுக்குள்ள கசப்பு ஏறுறது இங்கதான். அதனால நீங்க நடத்தப் போற கூட்டத்துல எனக்கு நல்லாத் தெரிஞ்ச முதல் வழி இது: கோ-ஸ்பான்சர் பட்டியலே வேணாம். ஒரு துறை, இல்ல டீன் ஆபீஸ், இல்ல உங்க இன்டர்ஃபெய்த் கவுன்சில், ஏதாவது ஒரே ஒரு அமைப்பு பேர்ல நடத்துங்க, மத்தவங்க அவங்கவங்க ஆளுங்களுக்கு அழைப்பை அனுப்பட்டும். ஹிலெல்ல இருக்கிற பிள்ளையும் வரலாம், ஜூயிஷ் வாய்ஸ் ஃபார் பீஸ் பிள்ளையும் வரலாம், யாரும் யார் பேருக்குப் பக்கத்துலயும் தன் பேரைப் போட வேண்டியதில்ல. இடமும் பொது இடமா பாருங்க, லைப்ரரி செமினார் ரூம் போதும்.

சரி, கதவை மூடுறது ஒரு பக்கம் மட்டும்தான்னு நினைக்காதீங்க. 2022-ல பெர்க்லி சட்டக் கல்லூரியில ஒன்பது மாணவர் அமைப்புகள், சியோனிசத்தை ஆதரிக்கிற யாரையும் பேச அழைக்க மாட்டோம்னு துணைவிதியில எழுதிக்கிட்டாங்க. அந்தக் கல்லூரி டீன் எர்வின் செமரின்ஸ்கி அரசியல் சட்ட அறிஞர், யூதர். இந்த விதிப்படி என்னையே கூப்பிட முடியாதுன்னு வெளிப்படையா எழுதினார், அதே சமயம் அந்த அமைப்புகளுக்கு அப்படி முடிவெடுக்க முதல் சட்டத்திருத்தப்படி உரிமை இருக்குன்னும் சொன்னார். உரிமை இருக்கு, ஆனா பண்ணது சரியில்ல, ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னாரே, கேம்பஸ்ல பொறுப்புல இருக்கிறவங்க கத்துக்க வேண்டிய பேச்சு அதுன்னு நினைக்கிறேன்.

சட்டம் பத்தி ரொம்ப வேணாம், இவ்வளவு தெரிஞ்சா போதும். அரசுப் பல்கலைக்கழகம்னா முதல் சட்டத்திருத்தம் நேரடியா பொருந்தும், கருத்துக்காக ஒரு மாணவர் அமைப்புக்கு அங்கீகாரம் மறுக்க முடியாதுன்னு 1972-லயே ஹீலி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. தனியார் பல்கலைன்னா அவங்க சொந்த விதிதான், கையேட்டை எடுத்துப் படிங்க. ரெண்டுலயும், அரசு நிதி வாங்கினா, 1964 சிவில் உரிமைச் சட்டத்தோட ஆறாவது பிரிவு உண்டு, யூதர்ங்கிறதுக்காக ஒரு மாணவரை விடாமத் தொல்லை பண்ணா பல்கலைக்கழகம் கண்டுக்காம இருக்க முடியாது.

இதுக்கு ஒரு தீர்வு அந்தக் கட்டிடத்துக்குள்ளயே இருக்கு

பெரிய கேம்பஸ் ஹிலெலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்க, உங்களைத் தாராளமா உள்ள விடுவாங்க. ஒரு ரூம்ல மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவோட தொழுகை, நடுவுல தடுப்பு, ஆண்கள் பெண்கள் தனித்தனி, பத்து ஆண்கள் சேர்ந்தாதான் கூட்டுத் தொழுகைன்னு கணக்கு. அடுத்த ரூம்ல கன்சர்வேடிவ், பெண்களும் அந்தப் பத்துல சேத்தி. இன்னொரு ரூம்ல ரிஃபார்ம், கிட்டார் வச்சுப் பாடுவாங்க. கடவுள் என்ன கட்டளை போட்டார், அதைப் பெண் முன்னால நின்னு வாசிக்கலாமா கூடாதா, யூதர்னா யாரு, இவ்வளவு அடிப்படையான விஷயத்துல ஒத்தருக்கொருத்தர் ஒத்துக்கிறதே இல்ல. ஆனா தொழுகை முடிஞ்சதும் எல்லாரும் ஒரே ஹாலுக்கு வந்து ஒரே கோஷர் சாப்பாட்டை, அதாவது யூத மத விதிப்படி சமைச்சதைச் சாப்பிடுறாங்க. சமையலறையை யார் விதிப்படி நடத்துறது? எல்லாரும் சாப்பிடக்கூடிய கறாரான விதிப்படி, அப்பதான் யாரும் வெளிய நிக்க வேண்டியதில்ல.

மதத்துல இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தாங்குற ஏற்பாடு கையில இருக்கும்போது அரசியல்ல மட்டும் ஏன் ஒரே ரூம், ஒரே கருத்துன்னு இருக்கணும்? நான் இந்தக் கட்டுரையில சொல்ல வர்றது இதுதான். ரூம் தனித்தனியா இருக்கட்டும், சாப்பாட்டு மேஜை ஒண்ணா இருக்கட்டும். யூத மாணவர் அமைப்புல பொறுப்புல இருக்கிற நண்பர் உங்ககிட்ட யோசனை கேட்டா இதைச் சொல்லுங்க: அரசியல் கூட்டத்துக்கு யார் வரலாம் வரக்கூடாதுன்னு விதி வச்சாலும், யூதர்களோட வாராந்திர ஓய்வு நாளான ஷப்பாத் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் வர்ற பிள்ளைகிட்ட அரசியல் கேக்கவே கூடாது, போன வாரம் எந்தப் போராட்டத்துல நின்னேன்னு விசாரிக்கக் கூடாது. கெஃபியேங்கிற பாலஸ்தீனத் துண்டு போட்டுட்டு வந்தாலும் சரி, இஸ்ரேல் கொடி பேட்ஜ் குத்திட்டு வந்தாலும் சரி, தட்டு எடுத்துக் குடுங்க.

இதுல முள் எங்க இருக்குன்னா தொழுகைக்குள்ள. இஸ்ரேல் நாட்டுக்கான பிரார்த்தனைன்னு ஒண்ணு இருக்கு, 1948-ல எழுதினது, நிறைய பிரார்த்தனைப் புத்தகத்துல அச்சாகியே வருது. சிலருக்கு அது இல்லாம ஷப்பாத் நிறையாது, சிலரால அதைச் சொல்ல முடியாது, எழுந்து வெளிய போயிடுறாங்க. பொது ஓட்டெடுப்பு நடத்தி இதைத் தீர்க்காதீங்க, ஓட்டுல தோத்தவங்க அடுத்த வாரம் வரமாட்டாங்க. எந்த ரூம்ல சொல்லுவாங்க, எதுல சொல்ல மாட்டாங்க, இல்ல எதுல ரெண்டு பக்கத்து உயிர்களுக்காகவும் சேர்த்து அமைதிக்கான பிரார்த்தனை சொல்லுவாங்கன்னு முன்கூட்டியே அறிவிப்புல போட்டுட்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சுது.

இப்படிப் பிரிஞ்சு போறது எவ்வளவு தூரம் போகும்னும் தெரிஞ்சுக்கங்க. 2013 டிசம்பர்ல ஸ்வார்த்மோர் கல்லூரி யூத மாணவர்கள் இனிமே நாங்க தலைமையக விதியை ஏத்துக்கல, யார் வேணா பேசலாம்னு அறிவிச்சாங்க. சியோனிச எதிர்ப்பாளர்களுக்கு ஹிலெல் கூரைக்குக் கீழ எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லன்னு ஹிலெல் இன்டர்நேஷனல் தலைவர்கிட்ட இருந்து பதில் வந்துச்சு. 2015-ல வழக்கு வரைக்கும் பேச்சு போகவும், மாணவர்கள் ஹிலெல் பேரையே விட்டுட்டு கெஹிலான்னு வேற பேர் வச்சுக்கிட்டாங்க. இது புதுசும் இல்ல. 1973-ல ப்ரேய்ரான்னு ஒரு அமைப்பு வந்துச்சு, பாலஸ்தீனர்களோட பேசணும், ரெண்டு தேசிய இனத்துக்கும் உரிமை உண்டுன்னு சொன்ன அமெரிக்க யூதர்கள், அதுல கேம்பஸ் ஹிலெல் ரபிகளே பலர் இருந்தாங்க, கடும் எதிர்ப்பு வந்து 1977-லயே முடங்கிப் போச்சு. அவங்க அன்னைக்குச் சொன்ன ரெண்டு நாடு தீர்வு பின்னாடி அமெரிக்க யூத அமைப்புகள் பலதோட வழக்கமான நிலைப்பாடா ஆயிடுச்சுங்கிறதை இன்னைக்குக் கதவை மூடுறவங்க ஒரு தடவை நினைச்சுப் பாக்கணும்.

விதி எழுதுறது

பேச்சாளர் பேரு தெரிஞ்சதுக்கு அப்புறம் விதி எழுதாதீங்க. அப்போ எழுதுற எந்த விதியும் அந்த ஆளுக்காக எழுதினதாத்தான் தெரியும், தெரியுறது சரியாவும் இருக்கும். செமஸ்டர் ஆரம்பத்துலயே எழுதுங்க, எழுதுற குழுவுல குறைஞ்சது ரெண்டு எதிரெதிர் கருத்துள்ள யூத மாணவர்கள் இருக்கணும், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சு "இது என்னைத் தடுக்குதா"ன்னு சோதிக்கணும்.

எதை எழுதுறது? நடத்தையை எழுதுங்க. பேசுறவரைப் பேச விடாம கத்துறது, குறிப்பிட்ட ஆளைப் பின்தொடர்ந்து தொல்லை பண்றது, மிரட்டல், வன்முறைக்கு அழைப்பு, ஒருத்தர் யூதர்ங்கிறதுக்காகவோ பாலஸ்தீனர்ங்கிறதுக்காகவோ இஸ்லாமியர்ங்கிறதுக்காகவோ உள்ள விடாம நிறுத்துறது, இதெல்லாம் கூடாது. இந்த வரிசையில கருத்து எதுவும் இல்லன்னு கவனிங்க. யூத வெறுப்புன்னா எது, இஸ்ரேல் விமர்சனம்னா எதுன்னு நீங்களே வரையறை எழுத உக்காந்தீங்கன்னா விடிஞ்சிடும். 2016-ல ஐஹெச்ஆர்ஏங்கிற சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணியோட யூத வெறுப்பு வரையறை வந்துச்சு, 2021-ல அதுக்கு மாற்றா ஜெருசலேம் பிரகடனம் வந்துச்சு, ரெண்டுக்கும் பின்னாடி பெரிய பெரிய யூத அறிஞர்கள் நிக்கிறாங்க. ஐஹெச்ஆர்ஏ வரையறைக்கு அடிப்படையான வரைவை எழுதுறதுல முக்கியமானவர் கென்னத் ஸ்டெர்ன், அவரே இதைக் கேம்பஸ்ல பேச்சைக் கட்டுப்படுத்துற விதியா பயன்படுத்தாதீங்க, தகவல் சேகரிக்கத்தான் எழுதினோம்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டு வர்றார். ரெண்டையும் படிங்க, படிச்சா காது கூர்மையாகும், உதாரணமா "சியோனிஸ்டுகள்தான் பேங்கை எல்லாம் வச்சிருக்காங்க"ன்னு ஒருத்தர் சொன்னா அது பழைய யூத வெறுப்புப் பேச்சுதான், பேரை மட்டும் மாத்தியிருக்காங்கன்னு உடனே புரியும், அங்கயே நிறுத்திச் சொல்லணும். ஆனா வரையறையைக் கதவுல காவல் நிறுத்தாதீங்க.

லூயிஸ் பிராண்டைஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட முதல் யூத நீதிபதி, அமெரிக்க சியோனிச இயக்கத்தோட பெரிய தலைவர். 1927-ல விட்னி வழக்குல அவர் எழுதினதோட சாரம், தப்பான பேச்சுக்கு மருந்து இன்னும் கொஞ்சம் பேச்சு, கட்டாயப்படுத்தின மௌனம் இல்ல. அவர் பேர்ல 1948-ல தொடங்கின பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2023 நவம்பர்ல, ஹமாஸை ஆதரிக்கிறாங்கன்னு சொல்லி பாலஸ்தீன ஆதரவு மாணவர் அமைப்போட அங்கீகாரத்தை எடுத்துச்சு. சில நாள்ல கொலம்பியா பல்கலைக்கழகம் அதே மாதிரி அமைப்பையும் ஜூயிஷ் வாய்ஸ் ஃபார் பீஸையும் சேர்த்து சஸ்பெண்ட் பண்ணுச்சு, அனுமதியில்லாம நிகழ்ச்சி நடத்தினாங்கன்னு. யூத மாணவர்களைப் பாதுகாக்கணும்னு எழுந்த குரலுக்கு நடுவுல எடுத்த முடிவு, அதுல ஒரு யூத மாணவர் அமைப்பே சேர்ந்து வெளிய போச்சு, இது எனக்கு இன்னும் உறுத்துது.

கூட்டம் நடக்கிற ராத்திரி

தேதி முதல்ல. வெள்ளி சூரியன் மறைஞ்சதுல இருந்து சனி ராத்திரி வரைக்கும் வைக்காதீங்க, ஆர்த்தடாக்ஸ் பிள்ளைங்க மைக் தொட மாட்டாங்க, எழுத மாட்டாங்க, வரவே முடியாம போகும், வராதவங்களைப் பத்தி அந்தக் கூட்டம் பேசும். பண்டிகை காலண்டரைப் பாருங்க. ஏப்ரல், மே மாசத்துல ஹோலோகாஸ்ட் நினைவு நாள், இஸ்ரேல் போர் வீரர் நினைவு நாள், இஸ்ரேல் சுதந்திர நாள், பாலஸ்தீனர்கள் தங்க ஊரை இழந்ததை நினைக்கிற நக்பா நாள் மே 15, எல்லாம் அடுத்தடுத்து வரும், அக்டோபர் 7-ம் இப்போ அப்படி ஒரு நாள். துக்க நாள்ல விவாதம் வைக்கவே வைக்காதீங்க. கிபுட்ஸ்ங்கிற இஸ்ரேல் கூட்டுப் பண்ணைக் கிராமத்துல சொந்தக்காரங்களை இழந்த பிள்ளையும், காசா செய்தி பாத்துத் தூங்காத பிள்ளையும் ஒரே யூத அமைப்புல இருக்காங்க, அழுகிறதுக்கு ஒரு கூட்டம், வாதாடுறதுக்கு வேற ஒரு கூட்டம்.

சாப்பாடு கோஷர் முத்திரை போட்டதா வாங்குங்க, மூடின பாக்கெட்ல இருந்தா யாருக்கும் சந்தேகம் வராது.

பெரிய ஹால்ல ரெண்டு பேச்சாளர் எதிரெதிர் உக்காந்து வாதாடுற மாதிரி வச்சா கைதட்டு வாங்குறதுலதான் போய் முடியும். பன்னிரண்டு பேர், அதிகம் போனா பதினஞ்சு பேர். ஆளுக்கு ஆள் ஜோடியா உக்கார வச்சுத் தொடங்குங்க. யூத மரபுல தல்மூத்ங்கிற பழைய சட்ட விவாத நூலைப் படிக்கிறதே அப்படித்தான், ஹவ்ரூத்தான்னு சொல்லுவாங்க, ரெண்டு பேர் ஒரு பக்கத்தை நடுவுல வச்சுக்கிட்டு வரிக்கு வரி சண்டை போட்டுப் படிப்பாங்க, அது அவங்களுக்குப் பழக்கமான வேலை. அதனால ஒரு பக்கத் தாளைக் குடுங்க. தல்மூதோட ஏரூவின் பகுதியில, தாள் 13-ல, ஷம்மாய், ஹிலெல்ங்கிற (கேம்பஸ் அமைப்புக்கு இவர் பேர்தான்) ரெண்டு பழங்கால குருக்களோட பள்ளிகளும் மூணு வருஷம் வாதாடின கதை இருக்கு. ரெண்டு பேர் சொல்றதும் உயிருள்ள கடவுளோட வார்த்தைதான், ஆனா நடைமுறைச் சட்டம் ஹிலெல் பள்ளி சொல்றபடின்னு வானத்துல இருந்து ஒரு குரல் வருது. ஏன் அவங்களுக்கு அந்தச் சிறப்புன்னு தல்மூதே கேட்டு அதுவே பதில் சொல்லுது: அவங்க சாந்தமானவங்க, தங்களோட கருத்தையும் ஷம்மாய் பள்ளியோட கருத்தையும் ரெண்டையும் சொல்லிக் குடுப்பாங்க, அதுலயும் எதிர்த்தரப்போட கருத்தை முதல்ல சொல்லுவாங்க.

அந்தக் கடைசி வரியைத்தான் விதியா வச்சுக்கங்க. ஒருத்தர் பேசி முடிச்சதும் எதிர்ல இருக்கிறவர், அவர் சொன்னதை அவரே "ஆமா, இதைத்தான் சொன்னேன்"னு ஒத்துக்கிற அளவுக்குத் திரும்பச் சொல்லணும், அதுக்கப்புறம்தான் பதில். கேக்க சுலபமா இருக்கும், செய்யும்போது கை நடுங்கும். "இஸ்ரேல் இல்லன்னா என் பாட்டிக்குப் போக்கிடமே இருந்திருக்காது"ன்னு ஒரு பொண்ணு சொன்னதை சியோனிச எதிர்ப்பாளர் ஒருத்தர் திரும்பச் சொல்லணும், "என் பேர்ல, என் மதத்தோட பேர்ல இந்தக் குழந்தைங்க சாகுறதை என்னால பாத்துட்டிருக்க முடியல"ன்னு அவர் சொன்னதை அந்தப் பொண்ணு திரும்பச் சொல்லணும். யார் மனசும் மாறணும்னு எதிர்பார்க்காதீங்க. அவங்கவங்க வாதத்தோட பலமான வடிவம் ரூம்ல இருக்கிற எல்லார் காதுலயும் விழுந்துச்சுன்னா கூட்டம் உருப்படியா நடந்துச்சுன்னு அர்த்தம்.

இதே மரபுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லுங்க. ஒரு நாள் ஷம்மாய் சீடர்களும் ஹிலெல் சீடர்களும் மோதி உயிரே போச்சுன்னு எருசலேம் தல்மூத் சொல்லுது. விவாதம் பண்ற மரபு எங்களுக்கு ரத்தத்துலயே இருக்குன்னு பெருமை பேசுற கூட்டத்துல இதை நினைவு படுத்துறது நல்லது.

போனை உள்ள வைக்கச் சொல்லுங்க, ரெக்கார்டிங் வேணாம். இது சும்மா சம்பிரதாயம் இல்ல. 2023 அக்டோபர்ல ஹார்வர்டுலயும் கொலம்பியாவுலயும் மாணவர்களோட முகத்தையும் பேரையும் திரையில போட்டு வேன்ல ஊர்வலம் விட்டாங்க. இஸ்ரேலுக்கு எதிரா பேசுற மாணவர்களோட பேரைச் சேர்த்து வைக்கிற இணையப் பட்டியல்ல யூத மாணவர்களும் இருக்காங்க. எதிர்ப்பக்கமும் அப்படியே, இஸ்ரேலை ஆதரிச்சுப் பேசின பிள்ளையோட வீடியோவை வெட்டிப் போட்டு ஹாஸ்டல்ல யாரும் பேசாத மாதிரி ஆக்கிடுறாங்க. பத்தொன்பது வயசுல யோசிச்சுப் பாத்து ஒரு வாக்கியம் சொல்லிப் பாக்குற உரிமை இல்லன்னா பல்கலைக்கழகம் எதுக்கு?

நடத்துறவரா வெளி ஆளைக் கூப்பிடணும்னா, யூத சமூகத்துக்குள்ள இந்த மாதிரிப் பேச்சுக்கு ஆளுங்களைப் பழக்குற ரீசெட்டிங் த டேபிள் மாதிரி அமைப்புகள் இருக்கு, கேட்டுப் பாருங்க.

யூதர் இல்லாத நமக்குன்னு சிலது. யூத நண்பர்கிட்ட முதல் கேள்வியாவே இஸ்ரேல் பத்தி என்ன நினைக்கிறேன்னு கேக்காதீங்க, அவங்க ஒரு நாட்டோட தூதர் இல்ல, உங்களோட லேப்ல வேலை பாக்குறவங்க. இன்னொண்ணு, நமக்குப் பிடிச்ச கருத்தைச் சொல்ற ஒரு யூதரைப் பிடிச்சு "பாருங்க, யூதர்களே இதைச் சொல்றாங்க"ன்னு முன்னால நிறுத்துறது, ரெண்டு தரப்பும் இதைப் பண்ணுது. அந்த ஆளை அது தன் சமூகத்துக்குள்ள தனிமைப்படுத்திட்டுப் போயிடும், நாம அடுத்த கூட்டத்துக்குப் போயிடுவோம், அவங்கதான் வெள்ளிக்கிழமை அந்த மேஜைக்குத் திரும்பப் போகணும்.

நெருக்கடி வந்தா

2024 ஏப்ரல்ல கொலம்பியாவுல கூடாரப் போராட்டம் நடந்தப்போ ஒரு ஆர்த்தடாக்ஸ் ரபி, இங்க பாதுகாப்பு இல்ல, வீட்டுக்குப் போயிடுங்கன்னு மாணவர்களுக்குச் செய்தி அனுப்பினார். அதே கேம்பஸ் ஹிலெல், மாணவர்கள் போகணும்னு நாங்க நினைக்கல, பல்கலைக்கழகம்தான் பாதுகாப்புக் குடுக்கணும்னு சொல்லுச்சு. மறுநாள் ஏப்ரல் 22 சாயங்காலம் பாஸ்கா தொடங்குச்சு, கூடாரத்துக்குள்ளயே புல்தரையில போராட்டத்துல இருந்த யூத மாணவர்கள் சேடர்ங்கிற பாஸ்கா விருந்து வச்சாங்க. ஒரே ராத்திரி, ஒரே கதையைப் படிக்கிறாங்க, எகிப்துல அடிமையா இருந்து வெளிய வந்த கதை, ஒருத்தர் பயந்து வீட்டுல, ஒருத்தர் கூடாரத்துல. இதுல யாரோ ஒருத்தர்தான் "உண்மையான யூத மாணவர்"னு அறிக்கை விடுற இடத்துல நீங்க இருந்தா, விடாதீங்க.

நெருக்கடியில உங்க வேலை சின்னது. யாருக்காவது நேரடி மிரட்டல் வந்திருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து டீன் ஆபீஸ்ல அன்னைக்கே குடுங்க, எந்தப் பக்கத்து ஆளா இருந்தாலும். யாராவது வந்து கூட்டத்தைக் கத்திக் குலைச்சா, முதல்ல வெளிய நின்னு போராட இடம் இருக்குன்னு சொல்லுங்க, கேள்வி நேரத்துல முதல் கேள்வி அவங்களுக்குன்னு சொல்லுங்க, அதுக்கும் ஒத்துக்கலன்னாதான் பல்கலைக்கழக ஆளுங்களைக் கூப்பிடுங்க, போலீஸ் கடைசி. நன்கொடையாளர்கிட்ட இருந்து போன் வரும், முன்னாள் மாணவர்கிட்ட இருந்து காட்டமா மெயில் வரும். மாணவர்கள் அதுக்குப் பதில் எழுதக் கூடாது, பெரியவங்க எழுதணும், இதை முன்னாடியே பேசி வச்சுக்கங்க, இந்த விதி செமஸ்டர் ஆரம்பத்துல எழுதினது, உங்களுக்குப் பிடிச்ச பேச்சாளருக்கும் இதே விதிதான்னு ரெண்டு வரி போதும்.

கடைசியா ஒரு ஆபீஸ் வேலை. நாலு வருஷத்துல ஒரு கேம்பஸ்ல ஆளே மாறிப் போயிடுறாங்க, போன தடவை என்ன சண்டை, எப்படிச் சமாளிச்சோம்னு யாருக்கும் நினைவு இருக்கிறதில்ல, அதனால ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து அடிச்சுக்கிறாங்க. மே மாசம் பொறுப்பு மாறும்போது ஒரு ஃபோல்டர் குடுத்துட்டுப் போங்க: எழுதின விதி, அதை எழுதின குழுவுல எந்தெந்தக் கருத்துள்ளவங்க இருந்தாங்கங்கிற குறிப்பு, ஆள் பேர் வேணாம், எந்த ரூம், எந்த கோஷர் கடை, எந்தத் தேதியைத் தவிர்த்தோம், எந்த டீன் போனை எடுப்பார், எந்தக் கேள்வியில பேச்சு உடைஞ்சுது. அடுத்து வர்றவங்க ஆகஸ்ட்லயே அதைத் திறந்து படிச்சுட்டு, செப்டம்பர் பண்டிகைகள் தொடங்குறதுக்கு முன்னாடி, எதிரெதிர் கருத்துள்ள அந்த ரெண்டு மாணவர்களைக் கண்டுபிடிச்சு முதல் மீட்டிங்குக்குக் கூப்பிடட்டும்.